வரவு மட்டும் எழுதிய பேரேடு

வேட்டைப் புத்தகம் படிக்கிற யாருமே ஒரு வரியை மட்டும் ஒழுங்காகப் படிப்பதில்லை. புதருக்குள் புலி உறுமும். கிராமத்து ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நடுங்குவார்கள். கதாநாயகர் கிளம்புவார். கிளம்பும்போது, இன்ன நம்பர் ரைபிளை எடுத்துக்கொண்டேன், இன்ன குண்டு போட்டேன் என்று ஒரு வரி வரும். புள்ளி வைத்து மூன்று இலக்கம். பின்னால் ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயர். நாம் அதைத் தாண்டி ஓடிவிடுவோம். புலி என்னாச்சு சார், அதைச் சொல்லுங்க!

பாதிக் கதை அந்த வரியில்தான் இருக்கிறது.

இந்தியாவில் வேட்டை முடிந்துபோன சமாச்சாரம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் வந்த திருத்தத்தோடு மிச்சம் மீதியும் போச்சு. ஆனால் ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும் இன்னும் அச்சில் இருக்கிறார்கள், இன்னும் விற்கிறார்கள். சுடப்போகிற யாரும் அவற்றை வாங்குவதில்லை. ராத்திரி படுக்கையில் சாய்ந்துகொண்டு படிக்கிற நம்மைப் போன்றவர்கள்தான் வாங்குகிறோம். அதனால் இது சுடுகிறவர்களுக்கான யோசனை இல்லை. படிக்கிறவர்களுக்கானது.

எடுத்துக்கொண்ட புத்தகம், ஜான் டெய்லர் எழுதிய 'ஆப்பிரிக்கன் ரைபிள்ஸ் அண்ட் கார்ட்ரிட்ஜஸ்'. 1948-ல் வந்தது. தலைப்பைப் பார்த்தால் ஹார்டுவேர் கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். மற்ற வேட்டைக்காரர்கள் ஒரு வரியில் முடித்துக்கொண்டதை இந்த மனுஷர் முழுப் புத்தகமாக எழுதியிருக்கிறார். எந்த மிருகத்துக்கு எந்தத் தோட்டா, ஏன், மாற்றிப் போட்டால் என்ன ஆகும்?

டெய்லர் 1904-ல் டப்ளினில் பிறந்த ஐரிஷ்காரர். இருபது வயதை ஒட்டி ஆப்பிரிக்கா போனவர், வாழ்க்கையின் பெரும்பகுதியை ஜாம்பெசி நதிக்கரைக் காடுகளில், அன்றைய போர்ச்சுக்கீசிய கிழக்கு ஆப்பிரிக்காவில், கழித்தார். லைசென்ஸ் விஷயத்தில் ரொம்பக் கறாரான ஆசாமி என்று சொல்ல முடியாது. தந்தத்துக்காகத் திருட்டு வேட்டை ஆடியவர். உள்ளூர் ஜனங்கள் வைத்த பெயர் 'போண்டோரோ', சிங்கம் என்று அர்த்தம். ஆக, இவர் நல்லவர் என்று சொல்லி நான் இந்தப் புத்தகத்தை விற்கப்போவதில்லை. ஆனால் தொழில் தெரிந்தவர்.

அவரைப் படிப்பதற்கு முன்னால் கொஞ்சம் அரிச்சுவடி.

தோட்டா என்பது முழுசு. பித்தளைக் குப்பி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். புள்ளி வைத்த நம்பர் ஏறத்தாழ அந்தக் குண்டின் விட்டம், அங்குலத்தில். .275 என்றால் 7 மில்லிமீட்டர், நம் பென்சில் கனம். .375 என்றால் ஒன்பதரை, சாக்பீஸ் கனம். .600 என்றால் 15 மில்லிமீட்டர், கட்டை விரல். பென்சில் சின்னக் குழல், கட்டை விரல் பெரிய குழல். நடுவில், .318-லிருந்து .375 வரை, நடுத்தரக் குழல். டெய்லர் புத்தகத்தின் உயிர் இந்த நடுத்தரத்தில்தான் இருக்கிறது.

ஏன் நடுத்தரம்? பெரிசாக ஒன்றை வாங்கிப் போய்ச் சுட வேண்டியதுதானே? யானைக்கு எதற்குச் சிக்கனம்?

இங்கேதான் பென்சில்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வால்டர் டால்ரிம்பிள் மெய்ட்லண்ட் பெல். ஸ்காட்லாந்துக்காரர், 1880-ல் பிறந்தவர். உகாண்டாவின் கரமோஜா பகுதியில் தந்த வேட்டை ஆடியதால் 'கரமோஜோ பெல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாழ்நாளில் சுட்ட யானைகள் 1011. அதில் ஏறக்குறைய 800 யானைகளை .275 ரிக்பி என்கிற அந்தப் பென்சில் கனத் துப்பாக்கியால் சுட்டார். குண்டின் எடை 173 கிரெயின். கிராமில் 11 சொச்சம். இன்னும் புரிகிற கணக்கில், ஒன்றரை சவரனுக்குக் கொஞ்சம் கம்மி. ஆறு டன் யானைக்கு ஒன்றரை சவரன்!

மந்திரம் ஒன்றும் இல்லை. பெல் செத்த யானையின் மண்டையை ரம்பம் வைத்து அறுத்து, மூளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தவர். யானை மண்டை தேன்கூடு மாதிரி, உள்ளே முழுக்க அறை அறையாக எலும்பு. மூளை பின்னால் தள்ளி, உடம்போடு பார்த்தால் ரொம்பச் சின்னதாக இருக்கும். அது எந்தக் கோணத்திலிருந்து எங்கே வரும் என்பதைப் பாடமாக்கி வைத்திருந்தார். போட்டது பட்டாளத்துத் தோட்டா. முனை மழுங்கி, உடம்பு நீண்டு, வெளியே முழுக்க உலோகச் சட்டை போட்ட குண்டு. அது விரியாது, உடையாது, வளையாது. நேராக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்றும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரமோஜா திறந்த புல்வெளி. வெடிச்சத்தமே கேட்டறியாத யானைகள். பெல் நின்று, நிதானித்து, தனக்குப் பிடித்த கோணம் வரும்வரை காத்திருக்க முடிந்தது.

பெல்லின் புத்தகம் 1923-ல் வந்தது, 'தி வாண்டரிங்ஸ் ஆஃப் ஆன் எலிஃபன்ட் ஹண்டர்'. படம் எல்லாம் அவரே வரைந்தது. அருமையான புத்தகம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதைப் படித்த பலரும், ஓஹோ, சின்னத் துப்பாக்கியே போதும் போலிருக்கிறது என்று முடிவு கட்டினார்கள்.

நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் கற்றதில் பாதி மறந்துபோச்சு, ஆனால் முதல் வருஷத்து முதல் பாடம் மறக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேட்டை நம்பாதே. வரவு என்று ஒன்று இருந்தால் எதிர்ப்பக்கத்தில் பற்று என்று ஒன்று இருந்தே தீரும். வேட்டைப் புத்தகம் என்கிற சாதியே, எனக்குத் தெரிந்தவரை, வரவு மட்டும் எழுதிய பேரேடு. 1011 விழுந்தது, சரி. அடிபட்டு விழாமல் போனது எத்தனை? குண்டைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போய், சீழ் பிடித்து, பத்து நாள் கழித்துச் செத்தது எத்தனை? அந்தப் பக்கம் வெள்ளையாக இருக்கும். அதோடு, பென்சிலை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வராதவர்கள் புத்தகம் எழுதுவதில்லை. எழுதியவர்கள் எல்லாம் பிழைத்தவர்கள்.

திரும்பி வராத ஒருவரைச் சொல்கிறேன். ஜார்ஜ் க்ரே. முதல் உலகப் போர் சமயத்தில் பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரியாக இருந்த எட்வர்ட் க்ரேயின் தம்பி. 1911-ல் இன்றைய கென்யாவில் சிங்கம் சுடப் போனார். கையில் .280 ராஸ். கனடாவில் ராஸ் கம்பெனி செய்த, அந்தக் காலத்தின் வேகச் சூரப்புலி. பெல்லின் குண்டு நொடிக்கு 700 மீட்டர் போகும் என்றால், இது 900 மீட்டரை ஒட்டிப் போகும். வேகம் எங்கிருந்து வந்தது? எடையைக் குறைத்ததில் வந்தது. 140 கிரெயின் சுற்றுவட்டாரம், அதாவது ஒரு சவரனுக்குக் கொஞ்சம் மேல். தூரத்தில் நிற்கிற மானுக்குப் பிரமாதமான தோட்டா. பாய்ந்து வருகிற சிங்கத்துக்கு? குண்டு பட்டது. பட்ட வேகத்தில் சதையின் மேல்மட்டத்திலேயே சிதறிவிட்டது. சிங்கம் நிற்கவில்லை. க்ரே சில நாள் கழித்து நைரோபியில் இறந்தார்.

பெல் வைத்திருந்ததும் பென்சில்தான், க்ரே வைத்திருந்ததும் பென்சில்தான். விட்டம் ஏறத்தாழ ஒன்று. ஒருவர் எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்து 1954-ல் ஊரில் இறந்தார். இன்னொருவர் நாற்பதுகளிலேயே போனார். துப்பாக்கி இல்லை சார் விஷயம், குண்டு.

டெய்லருக்கு இது தெரியும். ஜாம்பெசிக் காடு கரமோஜா மாதிரி இல்லை. முள்ளும் கொடியும் பின்னிக்கொண்டு, நாலடி தள்ளி இருக்கிற யானையே கண்ணுக்குத் தெரியாத அடர்த்தி. அங்கே கோணம் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. மூளை தப்பினாலும், அடித்த அடியில் யானை ஒரு நிமிஷமாவது மயங்கி உட்கார வேண்டும். இல்லையென்றால் நாம் உட்கார வேண்டியதுதான். இதற்காக அவர் ஒரு ஃபார்முலா கண்டுபிடித்தார். பெயர் 'நாக் அவுட் வேல்யூ'. குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி, 7000-ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். பெல்லின் .275-க்கு 16-ஐ ஒட்டி வரும். .375-க்கு 40. .470 என்கிற பெரிய குழலுக்கு 72, 73. கட்டை விரல் .600 தொட்டால் 150.

ஃபார்முலா என்றால் நம் ஜனங்களுக்கு மட்டுமில்லை, உலகத்துக்கே ஒரு மயக்கம். டெய்லர் சொன்னது ஒரு குறுகிய விஷயம். சட்டை போட்ட கெட்டிக் குண்டு, யானையின் தலை, மூளையைத் தப்பிய அடி, எவ்வளவு நேரம் மயக்கம் என்பது மட்டும். பின்னால் வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மான், கரடி, சிங்கம் என்று எல்லாவற்றுக்கும் மார்க் போட ஆரம்பித்துவிட்டார்கள். சரி, அது டெய்லரின் குற்றம் இல்லை. ஆனால் அவருடைய எல்லைக்குள்ளேயே அந்த ஃபார்முலா நொண்டுகிறது என்பது என் கட்சி.

உதாரணத்துக்கு நமக்குப் பக்கத்தில் இருக்கிறவரையே எடுத்துக்கொள்வோம். கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்வாசி, ஆனால் அவர் கதைகளில் பாதி நம் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் நடப்பவை. அவர் தோளில் எப்போதும் தொங்கியது .405 வின்செஸ்டர். 1904-ல் அமெரிக்காவில் வந்த தோட்டா. ஜனாதிபதி பதவி முடிந்த கையோடு 1909-ல் ஆப்பிரிக்கா போன தியோடர் ரூஸ்வெல்ட் சிங்கத்துக்கு எடுத்துப்போனதும் இதேதான். இதன் குண்டு 300 கிரெயின். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் பெரிய குண்டும் 300 கிரெயின். இரண்டும் கிட்டத்தட்ட இரண்டரை சவரன். டெய்லரின் ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள். .375-க்கு 40. .405-க்கு 39-க்கு மயிரிழை கீழே. அண்ணன் தம்பி மாதிரி!

ஆனால் யானை மண்டைக்கு முன்னால் இவர்கள் அண்ணன் தம்பி கிடையாது. ஒரே எடை மாவில் இரண்டு பேர் முறுக்குக் குச்சி உருட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குட்டையாகக் கனமாக உருட்டுகிறார், ஒருவர் ஒல்லியாக நீளமாக உருட்டுகிறார். எது ஆழமாகக் குத்தும்? .405-ன் குண்டு குட்டை. .375-ன் குண்டு நீளம். இதற்கும் ஒரு கணக்கு உண்டு. எடையை பவுண்டில் போட்டு, விட்டத்தின் வர்க்கத்தால் வகுப்பது. செக்ஷனல் டென்சிட்டி என்பார்கள். .405-க்கு 0.254 வரும். .375-க்கு 0.305. இப்போது பெல்லின் பென்சிலை எடுத்துப் போடுங்கள். 173 கிரெயின், 7 மில்லிமீட்டர். விடை 0.306.

முதன்முதலில் இதை ஒரு கவரின் பின்பக்கம் போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். டெய்லரின் ஃபார்முலாவில் 16-ம் 40-மாக எட்ட எட்ட நிற்கிற பெல்லின் பென்சிலும் டெய்லரின் சாக்பீஸும் இங்கே ஒரே இடத்தில் நிற்கின்றன. க்ரேயின் 140 கிரெயின் குண்டு? 0.243. அது நிற்கிற வரிசை வேறு.

அதாவது, உள்ளே எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டெய்லரின் ஃபார்முலாவில் இடமே இல்லை. குண்டு எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கும் இல்லை. கெட்டிக் குண்டோ, பிசுக்கென்று நசுங்கும் குண்டோ, எடையும் வேகமும் ஒன்றானால் மார்க்கும் ஒன்று. இத்தனைக்கும் அதே புத்தகத்தில் அவர் பக்கம் பக்கமாகக் குண்டின் கட்டுமானத்தைப் பற்றிப் பேசுகிறார். கை எழுதியதைக் கால்குலேட்டர் படிக்கவில்லை.

ரூஸ்வெல்ட் யானைக்கு .405-ஐத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அதற்கென்று ஹாலண்ட் கம்பெனியின் இரட்டைக்குழல் தனியாக வைத்திருந்தார். ஃபார்முலா பிறப்பதற்கு நாற்பது வருஷம் முன்னால்! ஆண்டர்சனின் புலிக்கும் சிறுத்தைக்கும் .405 தாராளம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

குண்டின் கட்டுமானம் என்றேன். அதில் நம் நாட்டுச் சரித்திரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குண்டு பெரும்பாலும் ஈயம், மேலே தாமிரமோ இரும்போ கலந்த சட்டை. சட்டை முழுக்க மூடியிருந்தால் கெட்டிக் குண்டு, 'சாலிட்'. முனையில் மட்டும் சட்டையைக் கழற்றி ஈயத்தை வெளியே விட்டால் 'சாஃப்ட்'. அது சதைக்குள் போனதும் காளான் மாதிரி விரியும், காயம் பெரிதாகும். இந்தச் சட்டை கழற்றுகிற வேலையை 1890-களில் செய்து பெயர் வாங்கியது கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம் ஆயுதத் தொழிற்சாலை. 'டம் டம் குண்டு' என்று இன்றைக்கும் உலகம் சொல்வது அந்த ஊரைத்தான். 1899-ல் ஹேக் மாநாட்டில், மனிதனை மனிதன் சுடும் போரில் இது கொடூரம் என்று தடை போட்டார்கள். ஆனால் வேட்டையில் புலிக்கும் சிங்கத்துக்கும் மானுக்கும் அதே குண்டுதான் கருணை. கெட்டிக் குண்டு போட்டால் ஊசி மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும், மிருகம் உடனே சாகாது. யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் தலைகீழ். சாஃப்ட் போட்டால் எலும்பில் நசுங்கி வெளியிலேயே நின்றுவிடும். ஆப்பிரிக்கக் காட்டெருமை இரண்டுக்கும் நடுவில். முதல் வெடிக்கு சாஃப்ட், அடுத்ததெல்லாம் சாலிட் என்பது பலருடைய வழக்கம்.

இப்போது நடுத்தரக் குழலின் அருமை புரியும். ஒரே துப்பாக்கி. குண்டை மாற்றினால் மானிலிருந்து யானை வரைக்கும் போகலாம். கட்டை விரல் ரைபிளால் மானைச் சுட்டால் தோள் கழன்றுவிடும், மானின்மேல் படுவதும் சந்தேகம். பென்சிலால் யானையைச் சுடுவதற்கு நீங்கள் பெல்லாக இருக்க வேண்டும்.

புத்தகத்தில் நான் இரண்டு தரம் படித்தது இந்த நடுத்தர அத்தியாயங்களைத்தான். இங்கே டெய்லர் ஃபார்முலாவை மறந்துவிட்டு அனுபவத்தைப் பேசுகிறார். .375 ஹாலண்ட் 1912-ல் வந்தது. 235, 270, 300 கிரெயின் என்று மூன்று எடையில் குண்டு. மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய்ப் படும், குறியை மாற்ற வேண்டாம். காட்டில் இது சின்ன விஷயம் இல்லை. டெய்லருக்கு இதன்மேல் காதல். காதல் என்றால் கொஞ்சம் வழிகிறது என்றே சொல்லலாம். ஆனால் காரணத்தோடு காதலிக்கிறார்.

கம்பெனிக் கணக்கு தெரிந்த எனக்குப் பிடித்தது அடுத்த கதை. .375-ன் தோட்டா நீளம். அது உட்காரப் பெரிய சைஸ் மாஸர் இயந்திர பாகம் வேண்டும். விலை எகிறும். அது லண்டன் கனவானுக்குச் சரி. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் காபித் தோட்டம் போட்டிருக்கிற விவசாயிக்கு? அவன் வயலையும் எருமை மிதிக்கிறது, அவன் மாட்டையும் சிங்கம் தின்கிறது. பெர்லினில் ஓட்டோ போக் என்ற துப்பாக்கிக்காரர் 1905-லேயே அவனுக்காக ஒரு தோட்டா செய்தார். 9.3 மில்லிமீட்டர் குழல், 62 மில்லிமீட்டர் குப்பி. ராணுவத்துக்கு லட்சக்கணக்கில் செய்துகொண்டிருந்த சாதாரண மாஸர் பாகத்திலேயே கச்சிதமாக உட்காரும். குண்டு 286 கிரெயின், செக்ஷனல் டென்சிட்டி 0.305. மறுபடியும் அதே எண்! விலை மட்டும் ஏழைக்கு. ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிவிட்டது. இதைப் பற்றி யாரும் பெரிசாக எழுதாததற்குக் காரணம், யாருக்கும் புகார் இல்லாததுதான் என்கிற பொருளில் டெய்லர் சொல்கிறார். பிரிட்டிஷ் தோட்டாக்கள்மேல் பிரியம் வைத்த ஒருவர் ஜெர்மன் சரக்குக்குக் கொடுக்கிற சர்ட்டிபிகேட் இது, கவனியுங்கள்.

இன்றைக்கும் வேட்டை அனுமதியுள்ள பல ஆப்பிரிக்க நாடுகளில், யானை, எருமை போன்ற ஆபத்தான மிருகங்களுக்கு .375 அல்லது அதற்குப் பக்கத்தில் ஓர் அளவைக் குறைந்தபட்சமாகச் சட்டமே வைத்திருக்கிறது. பெல்லின் பென்சிலோடு போனால் இன்றைக்கு அங்கே கேஸ்.

சட்டம் ஏன் இதில் தலையிட வேண்டும்? சுடுகிறவன் சாவதென்றால் அவன் பாடு என்று விட்டுவிடலாமே?

பற்றுப் பக்கத்துக்கு வருகிறேன். சம்பாவத் பெண்புலியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கார்பெட் சுட்ட முதல் ஆட்கொல்லி, 1907-ல். கார்பெட் தரும் கணக்குப்படி நேபாளத்தில் 200 பேர், குமாவுனில் 236 பேர், மொத்தம் 436 உயிர். அந்தக் கதையில் கார்பெட்டிடம் இருந்தது மூன்றே தோட்டா, கடைசியில் தாசில்தாரின் ஓட்டைத் துப்பாக்கியை வாங்கி முடித்தார் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். சுட்டபிறகு அவர் புலியின் வாயைத் திறந்து பார்த்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? வலப்பக்கம் மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்புவரைக்கும் போயிருந்தது. பழைய துப்பாக்கிக் காயம். அதனால்தான் தன் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதரிடம் வந்தது என்று எழுதுகிறார்.

பல் உடையும்படி சுட்டது யார்? பெயர் தெரியாது. எந்தத் துப்பாக்கி, என்ன குண்டு, எதுவும் தெரியாது. அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். அவன் ஒருவேளை டைரி எழுதியிருந்தால், இன்றைக்கு ஒரு புலி தப்பிவிட்டது என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு எதிர்ப்பக்கத்தில் 436.

டெய்லரும் தன் பற்றுப் பக்கத்தைப் பட்டியல் போட்டுத் தரவில்லை. அந்தக் குறை அவருக்கும் உண்டு. ஆனால் காயம்பட்ட மிருகம் என்கிற நினைப்பு அவர் புத்தகம் முழுக்க ஓடுகிறது. எது விழுத்தும் என்பதைவிட, எது தவறினால் என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்கிறார். பெல்லின் சாதனையை அவர் மறுக்கவில்லை. அது பெல்லுக்கு, உங்களுக்கு இல்லை என்கிறார். வேட்டை எழுத்தில் இந்தப் பணிவு அபூர்வம்.

புத்தகத்தின் வயதும் தெரியத்தான் செய்கிறது. அது வெளிவந்த அதே 1948-ல் அமெரிக்காவில் ஜான் நாஸ்லர் என்பவர் ஒரு குண்டை விற்க ஆரம்பித்தார். 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்கிற பெரிய மான் சுடப் போயிருந்தார். அது சேற்றில் புரண்டு, தோள் முழுக்கக் காய்ந்த மண் அப்பிக்கொண்டு நின்றது. இவர் குண்டுகள் எல்லாம் மேலேயே சிதறின. க்ரேக்கு நேர்ந்ததுதான், நல்லவேளையாக எதிரில் சிங்கம் இல்லை. ஊருக்கு வந்து யோசித்தார். குண்டுக்கு நடுவில் தாமிரச் சுவர் ஒன்று வைத்தார், இரண்டடுக்கு டிபன் கேரியர் மாதிரி. முன் அடுக்கு விரியும், பின் அடுக்கு அப்படியே உள்ளே போகும். சாஃப்டும் சாலிடும் ஒரே குண்டில். டெய்லரின் சாஃப்டா சாலிடா என்கிற அத்தியாயங்களில் பாதிக்கு இதோடு வேலை போச்சு. 1989-ல் பார்ன்ஸ் கம்பெனி ஈயமே இல்லாமல் முழுக்கத் தாமிரத்தில் விரிகிற குண்டு கொண்டுவந்தது.

ஈயத்தை விட்டதில் இன்னொரு சங்கதி. கலிபோர்னியாவில் காண்டார் என்று ஒரு ராட்சதக் கழுகு. 1982-ல் உலகத்திலேயே 22-தான் மிச்சம். பிடித்து, கூண்டில் வளர்த்து, மறுபடி காட்டில் விட்டால், திரும்பத் திரும்பச் செத்தன. வயிற்றில் ஈயம். வேட்டைக்காரன் மானை ஒரே வெடியில் சுத்தமாக விழுத்தி, குடலை எடுத்துப் போட்டுவிட்டு இறைச்சியைத் தூக்கிப் போயிருப்பான். சிதறிய ஈயத்தூள் அந்தக் குடலில். 2013-ல் சட்டம் போட்டு, 2019 ஜூலை 1-லிருந்து அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்று முழுசாக நிறுத்தினார்கள். எல்லாமே சரியாகச் செய்தவனுக்கும் ஒரு பற்று இருந்திருக்கிறது. டெய்லர் காலத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை.

ஆர்வம் உள்ளவர்களுக்கு: பெல்லை முதலில் படியுங்கள், படங்களுக்காகவாவது. அப்புறம் டெய்லர். அதில் ஃபார்முலா வருகிற பக்கங்களை வேகமாகத் தாண்டி, நடுத்தரக் குழல் அத்தியாயத்தில் நுழைந்துவிடுங்கள். கையில் ஒரு பென்சிலும் ஒரு சாக்பீஸும் இருந்தால் சௌகரியம்.